ஏழாம் எக்காளத்துக்கு மைக்செட் கட்டியவன்

டிசம்பர் 1, ஞாயிறு

நான் அப்பவே சொன்னேன். இது அத்தனையும் நடக்கும்னு இருபது வருஷத்துக்கு முந்தியே சொன்ன ஒரே ஆள் இந்தத் தூத்துக்குடியில நான்தான். பயலுவ கிதாரை மண்வெட்டி மாதிரிப் பிடிச்சிட்டு நின்ன காலம் அது. "ஏல, நீங்க கடல் தாண்டிப் போவீங்க. வெள்ளைக்காரன் மண்டையை ஆட்டுவான். அப்புறம் திரும்பி நம்ம ஊருக்கே வந்து வாசிப்பீங்க, அன்னைக்கும் மைக்செட் என்னோடதுதான்"னு சொன்னேன். சிரிச்சானுவ.

இன்னைக்குச் சர்ச்சுல ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல செருப்பைத் தேடிட்டு நிக்கேன், சென்னையில இருந்து என் அக்கா மகன் கிதியோன் போன் பண்ணுதான்.

"மாமா, இருபத்தெட்டாம் தேதி நம்ம ஊர்லயே வாசிக்கோம். காலேஜ் மைதானம்."

"தெரியும்ல. நான்தான் சொன்னேன்லா?"

"எப்ப சொன்னீங்க?"

"நீ பிறக்கும்போதே."

வரலாறுன்னா தப்பில்லாம இருக்கணும். உப்புக் கம்பெனிக்காரங்க ஜனவரியில கொடுத்த டைரி பதினொரு மாசமாச் சும்மா கிடக்கு. சிலிண்டர் வந்த தேதியும் ஜெனரேட்டருக்கு ஆயில் மாத்துன தேதியும் தவிர அதுல ஒண்ணும் இல்ல. இன்னையில இருந்து இதுல நானே எழுதுதேன். பின்னால யாரும் கதை கட்டக் கூடாது பாருங்க.

முதல்ல என்னைப் பத்தி. அதிசயராஜ், அதிசயராஜ் சவுண்ட் சர்வீஸ். படிப்பு எட்டாங்கிளாஸ். ஆனா ஜப்பான்ல இருந்து ஒரு என்ஜினியர் வந்து என் ஆம்ப்ளிபயரைத் திறந்து பாத்துட்டு ரெண்டு கையையும் கூப்பி நின்னான். அவன் பேரு மறந்துட்டு.

என் மருமகன் பேண்டு பேரு ஏழாம் எக்காளம். சிம்பொனிக் எக்ஸ்ட்ரீம் மெட்டல்னு சொல்லுவாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். ஒரு பக்கம் பாடுறவன் புலி மாதிரி உறுமுவான், டிரம்மு தையல் மிஷின் மாதிரி ஓடும். இன்னொரு பக்கம் வயலினும் கோரஸும் ராஜா வீட்டுக் கல்யாணம் மாதிரி எழும்பும். ரெண்டும் ஒரே நேரத்துல. கிதியோன் கிதாரு வாசிக்கான், பாட்டு எல்லாம் அவன்தான் எழுதுதான். உறுமுறது காயல்பட்டினம் சேக் மைதீன். டிரம்மு இசக்கி.

போனை வைக்கும்போது கிதியோன் ஒண்ணு கேட்டான். இருபத்திரண்டு நிமிஷத்துக்குப் புதுசா ஒரு பாட்டு எழுதியிருக்கானாம். அதை அவன் அப்பா நடத்துன கோயில் பாடகர் குழுவே பாடணுமாம். நாற்பது பேரு.

"பியூலாட்ட நீங்கதான் பேசணும் மாமா."

பியூலா அவன் அக்கா. அத்தான் போன பிறகு பாடகர் குழுவை அவதான் நடத்துதா. அக்காவும் தம்பியும் பத்து வருஷமா நேருக்கு நேர் பேசல. அப்பா சாகக் கிடக்கும்போது இவன் வெளிநாட்டுல மேடை ஏறிட்டு இருந்தான், அதான் கோவம்.

இருபது நிமிஷ வேலைன்னு சொல்லிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

முதல் ரெக்கார்டு பத்தி எழுதணும். 2004. பேரு 'உப்புத்தூண்'. என் குடோன்லதான் பிறந்துச்சு.

அப்ப இவனுவட்ட கிதாருக்கு ஆம்ப்ளிபயர் கிடையாது. நான் என்ன செஞ்சேன், சடங்கு வீட்டுக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கர்ல கிதாரைச் சொருகிட்டேன். ஒரு கரகரப்பு வந்துச்சு பாருங்க! ரோட்டுல மாடு மிரண்டு ஓடிட்டு. எதிர் வீட்டுல சுவத்துக்கு விரிசல் விழுந்துச்சு. ரெண்டு மைல் தள்ளி உப்பளத்துல உப்பு வாருனவங்க வேலையை நிறுத்திட்டு வானத்தைப் பாத்தாங்களாம். அந்தச் சத்தம்தான் 'உப்புத்தூண்'. ஒன்பது பாட்டு, ஒரு பாட்டுக்கு மூணு நிமிஷம், நடுவுல மூச்சு விட மாட்டானுவ. அடி, அடி, அடி. பட்டாசுக் கடையில தீப்பிடிச்ச மாதிரி.

எங்க அத்தான் சத்தியநேசன் வாத்தியாருக்கு அடுத்த தெருதான் வீடு. பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார், கோயில்ல பாடகர் குழுத் தலைவர். வெள்ளை ஜிப்பா, கையில பிரம்பு. ஒரு நாள் மத்தியானம் குடோனுக்குள்ள வந்தாவ. கிதியோனைப் பாக்கக்கூட இல்ல. நேரா மெயின் போர்டுக்குப் போயி பியூஸ் கேரியரைக் கழத்தி ஜிப்பா பையில போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாவ.

மைதீன் அப்பதான் முதல் தடவையா உறுமிட்டு இருந்தான். கரண்டு போனதும், "சாரி சார்"னு சொன்னான். அவன் அப்படித்தான். மேடைக்கு வெளியில அவன் குரல் பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது.

அந்த பியூஸ் கேரியர் எனக்குத் திரும்பி வரவே இல்ல. கம்பியை முறுக்கிச் சொருகி நாலு வருஷம் ஓட்டுனேன்.

அந்தக் குடோன் இப்ப டைல்ஸ் கடை. போன மாசம் அந்தப் பக்கம் போனப்ப உள்ள போயி நின்னேன். கடைக்காரன் பாத்ரூம் டைல்ஸான்னு கேட்டான். ஆமான்னு சொல்லி ரெண்டு மாடல் பாத்துட்டு வந்தேன்.

டிசம்பர் 4, புதன்

எலி நீள வயரைக் கடிச்சிட்டு. நாப்பது அடி போச்சு. நாள் பூரா ஒட்டுப் போட்டேன்.

டிசம்பர் 7, சனி

பியூலா வீட்டுக்குப் போனேன். ஸ்கூல் விட்டு வந்து நோட்டுத் திருத்திட்டு இருந்தா. சீடையும் டீயும் வச்சா. நான் எடுத்ததும் விஷயத்துக்கு வரல. ஊர் நடப்பு, மழை, முருங்கைக்காய் விலை எல்லாம் பேசி, அப்படியே மெல்லக் கொண்டு போனேன். எனக்கு அந்தத் திறமை உண்டு.

"பாட மாட்டோம் மாமா"ன்னா. நான் இன்னும் முருங்கைக்காயிலதான் இருந்தேன்.

"எட்டி, நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"கிதியோன் பாதிரி ஐயருக்கு லெட்டர் போட்டுட்டான். ஐயரு எங்கிட்ட காட்டிட்டாரு. அவருக்குச் சம்மதந்தான். எனக்குத்தான் இல்ல."

நான் அப்ப அந்த விஷயத்தை எடுத்தேன். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். கிதியோன் போற இடமெல்லாம், பேட்டி எடுக்குறவங்கட்ட எல்லாம் சொல்லுறது. 2014 ஆகஸ்டு. அத்தானுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில ஆறாவது நாள். என் அக்கா அதுக்கு முந்தியே தவறிட்டா. பியூலா கஞ்சி எடுக்க வீட்டுக்குப் போயிருக்கா, நான் பக்கத்துல. கிதியோன் எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தான், "மாமா, அப்பாவுக்கு நம்ம புது ரெக்கார்டை ஒரு தடவையாவது போட்டுக் காட்டுங்க"ன்னு. நான் ஹெட்போனை அத்தான் காதுல வச்சேன். கண்ணை மூடிட்டுக் கேட்டாவ. முழு ரெக்கார்டும். முடிஞ்சதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாவ: "நல்லாத்தான் இருக்கு. பாடுறவங்க மூச்சு விட எங்கல எடம்?"

அதுதான் அத்தானோட கடைசி வார்த்தை.

"அதுவும் சும்மா கேக்கல பியூலாம்மா. வலது கையைத் தூக்கித் தாளம் போட்டாவ. கோரஸ் வரும்போது இப்படிச் சைகை காட்டி..."

"வலது கையா?"

"ஆமா."

"அப்பாவுக்கு வலது பக்கந்தான மாமா விழுந்துச்சு?"

டீ ரொம்பச் சூடா இருந்துச்சு. ஊதிட்டே, "உனக்கு வலது, எனக்கு எதிர்ல நின்னா இடது"ன்னு சமாளிச்சேன்.

அவ நோட்டை மூடி வச்சா. "மாமா, அப்பாட்ட நான் இருபத்தஞ்சு வருஷம் பாடியிருக்கேன். மூச்சுச் சத்தம் கேட்டா பிரம்பைத் தூக்குவாவ. ஒரு வரியில நாற்பது பேரும் ஒண்ணா மூச்சு எடுக்கக் கூடாது. நான் எடுக்கும்போது பக்கத்துல நிக்கிற எஸ்தர் அக்கா பாடிட்டு இருக்கணும், அவ எடுக்கும்போது நான். கேக்குறவனுக்கு மூச்சே தெரியக் கூடாது. திருட்டு மூச்சுன்னு அதுக்குப் பேரே வச்சிருந்தாவ. அந்த மனுஷன் மூச்சுக்கு எடம் கேப்பாவளா?"

"கடைசியில மனசு மாறும்லா."

"அதையேதான் கிதியோனும் நம்புதான். அப்பா தனக்காகத்தான் மாறுனாவன்னு. அவன் எழுதுற ஒவ்வொரு பாட்டும் அந்த ஒரு வார்த்தை மேலதான் நிக்குது." என்னை நேராப் பாத்தா. "அப்பா நிசமாச் சொல்லியிருந்தா நான் பாடுதேன். நீங்க கோயில்ல வந்து சொல்லுங்க."

கோயில் இப்ப வெள்ளை அடிக்காங்க, அப்புறம் பாப்போம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ரெண்டாவது, மூணாவது ரெக்கார்டு.

ரெண்டாவது 'கந்தகக்கடல்', 2009. கிதியோன் ஒரு கீபோர்டு வாங்கியிருந்தான். அதுல வயலின் சத்தம் வரும், ஆனா தகர டப்பாவுக்குள்ள வாசிக்கிற வயலின். அந்த ஐடியா நான் கொடுத்ததுதான். கிறிஸ்மஸ் கேரல் வண்டியில கீபோர்டை ஏத்தி ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல வாசிக்கிறதை அவன் பாத்தான், வண்டி என்னோடது. அந்த வருஷம் பெங்களூருக்கு என் வேன்லதான் போனோம். போற வழியில எல்லாரும் சேந்து கோயில் பாமாலைப் பாட்டைப் பாடிட்டு வந்தானுவ. மைதீன் உறுமுற குரல்ல பாடுவான், இசக்கி சீட்டுல தாளம் போடுவான், கிதியோன் நாலு குரலையும் மாத்தி மாத்திப் பாடுவான். அப்பா அடிச்சு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தது. அவன் மேடையில அப்பாவைத் திட்டித்தான் பாட்டு எழுதுனான், ஆனா தூக்கத்துல எழுப்புனாலும் டெனார் குரல் பாடுவான்.

வேன் தொப்பூர் மலையில சூடாயி நின்னுச்சு. மொத்த பேரும் இறங்கி, சாயங்கால வெயில்ல ரோட்டோரம் உக்காந்து கொய்யாப்பழம் தின்னோம். அப்ப எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு. வேனை வித்தப்ப அதுலேயே போயிட்டுன்னு நினைக்கேன்.

மூணாவது 'எலும்புகளின் பள்ளத்தாக்கு', 2013. இப்ப நிசமான வயலின் எட்டு பேரு, கம்ப்யூட்டர்ல கோரஸ் நூறு பேரு. அதுதான் வெளிநாட்டுக்குக் கொண்டு போச்சு. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, எல்லாத்தையும் ஒரே பையில போட்டு அமுக்குன மாதிரி இருந்துச்சு. வயலின் ஒரு பக்கம் இழுக்கு, டிரம்மு ஒரு பக்கம் இடிக்கு, கோரஸ் ஜன்னல்ல தொங்கிட்டு வருது. பண்டிகை நேரத்து பஸ் மாதிரி. நான் கேட்டப்ப என் நெஞ்சுல கை வச்சிக்கிட்டேன்.

அடுத்த வருஷம் அத்தான் போயிட்டாவ. அதுக்கப்புறம் கிதியோன் மூணு வருஷம் ஒண்ணும் எழுதல. 2017ல 'மூச்சு' வந்துச்சு. உலகமே பேசுனது அதைத்தான். டிரம்மு தலைதெறிக்க ஓடும், கிதாரு, வயலின், உறுமல் எல்லாம் உச்சியில நிக்கும், திடீர்னு அத்தனையும் நின்னுரும். நாலு எண்ணிக்கை, ஒண்ணுமே இல்ல. அப்புறம் தனியா ஒரு குரல். முதல் தடவை கேட்டவன் எல்லாம் கரண்டு போயிட்டுன்னு நினைச்சான். நான் பழக்க தோஷத்துல மெயின் போர்டைப் பாத்தேன்.

அந்த நாலு எண்ணிக்கைதான் ஏழாம் எக்காளம். மத்ததெல்லாம் யாரும் வாசிப்பான்.

டிசம்பர் 10, செவ்வாய்

பயலுவ வந்து இறங்கிட்டானுவ. கிதியோனுக்குத் தாடி நரைச்சிட்டு. இசக்கிக்கு முட்டி வலி, காலுக்கு ஒரு டிரம்மா மிதிச்சு மிதிச்சு. டிரம்மை விட்டுட்டு முதல்ல நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். மைதீன் சுக்கு மிட்டாய் பாக்கெட்டோட அலையுதான்.

மெயின் சவுண்டு மதுரையில இருந்து ஒரு கம்பெனி கொண்டு வருது. எல்லாம் என் மேற்பார்வையிலதான். நான் குறிப்பா பைக் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு குழாய் கட்டுதேன், ரொம்ப முக்கியமான இடம்.

கிதியோன்ட்டச் சொல்லிரணும்னுதான் கூட்டிட்டுப் போனேன். துறைமுகத்துக்குப் போற ரோட்டுல நடந்தோம்.

"மாப்ள, அப்பா கடைசியா சொன்னது இருக்குல்லா..."

"ம்."

"அது வந்து... உங்கப்பா அதைச் சொன்ன விதம் இருக்கு பாரு..."

அவன் நின்னுட்டான். "மாமா, எனக்குப் பன்னிரண்டு வயசுல, ஈஸ்டர் பாட்டுல மூச்சுச் சத்தம் கேட்டுச்சுன்னு எல்லார் முன்னாலயும் பிரம்பால அடிச்சாவ. அன்னைக்குக் கோயிலை விட்டு வெளிய வந்தவன்தான். அந்த மனுஷன் சாகும்போது மூச்சுக்கு எடம் கேட்டாவல்லா. நான் அதுக்கப்புறந்தான் அப்பாவோட பேச ஆரம்பிச்சேன். இப்பவும் பேசுதேன். நீங்க சொல்லியிருக்காட்டி நான் கிதாரைத் தொட்டிருக்க மாட்டேன்." கண்ணைத் துடைச்சிட்டு, "என்ன சொல்ல வந்தீங்க?"ன்னான்.

"ரொம்ப மெதுவாச் சொன்னாவன்னு சொல்ல வந்தேன்"னேன்.

மக்ரூன் வாங்கிக் கொடுத்து அனுப்பி வச்சேன்.

டிசம்பர் 11, புதன்

மழை. ஆம்ப்ளிபயரைத் துணி போட்டு மூடி வச்சேன். பியூலா போன் பண்ணுனா. "பாட்டோட நோட்டை அனுப்பச் சொல்லுங்க. பாக்குறதுல பாவம் ஒண்ணும் இல்ல."

டிசம்பர் 14, சனி

என் சாமர்த்தியத்துல இன்னைக்கு ஒத்திகை நடந்துச்சு. கோயிலுக்குப் பின்னால இருக்குற ஹால்ல. பியூலா முன்னாலேயே சொல்லிட்டா: "பாடிப் பாக்குதோம். மேடைக்கு வாரோம்னு அர்த்தம் இல்ல."

நாற்பது பேரு. வங்கி வேலை பாக்குறவங்க, நர்ஸு, துறைமுகத்துல கிரேன் ஓட்டுற ஆபிரகாம் அண்ணாச்சி, எழுபத்திரண்டு வயசு எஸ்தர் அக்கா. எஸ்தர் அக்கா மைதீனைப் பாத்து, "நீதான் அந்தப் பிசாசுக் குரலா? சாப்பிட்டியா மக்கா?"ன்னு கேட்டாவ. அவன் எந்திரிச்சு நின்னு, "சாப்பிட்டேன்மா"ன்னான்.

கிதியோனும் பியூலாவும் "வா", "ம்" அவ்வளவுதான்.

ஆரம்பிச்சாங்க. இசக்கி குச்சியால டேபிள்ல அடிச்சான், கிதாரு சின்னப் பெட்டியில. மைதீன் உறுமுனதும் ஆல்ட்டோ பக்கம் ரெண்டு பிள்ளைங்க சிரிச்சிட்டு. பியூலா பாத்த பார்வையில அடங்கிட்டு. போகப் போக யாரும் சிரிக்கல. ஒன்பதாவது நிமிஷம், எல்லாம் உச்சியில ஏறுது, நின்னுது. நாலு எண்ணிக்கை.

அந்த நாலாவது எண்ணிக்கையில நாற்பது பேரும் ஒண்ணா மூச்சு எடுத்தாங்க. எனக்கு அந்தச் சத்தத்தை எப்படி எழுதுறதுன்னு தெரியல. கடல் கரையை விட்டு உள்ள இழுக்கும்லா, அப்படி. ஹால் ஜன்னல் திரை அசைஞ்சுச்சு. நான் கூட்டிச் சொல்லல, நிசமா அசைஞ்சுச்சு.

அப்புறம் பாடுனாங்க.

முடிஞ்சதும் பியூலா கையை இறக்கல. அப்படியே நின்னா. எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு என்னை வாத்தியப் பெட்டி வச்சிருக்குற ரூமுக்குக் கூப்பிட்டா.

"இது அப்பா சொன்னதில்ல."

நான் வாயைத் திறந்தேன்.

"கதை வேண்டாம் மாமா. கடைசி ரெண்டு நாளா அப்பாவுக்குப் பேச்சே வரல. தண்ணின்னு கேக்குறது எனக்கு மட்டுந்தான் புரியும். ஏழு வார்த்தை எப்படிச் சொன்னாவ?"

நான் ஒரு பெட்டி மேல உக்காந்தேன். சொல்லிட்டேன். அத்தான் ஒண்ணும் சொல்லல. கிதியோன் அன்னைக்கு ஏர்போர்ட்டுல இருந்து போன்ல, "கேட்டாவளா மாமா? என்ன சொன்னாவ?"ன்னு அழுதான். என்ன சொல்ல? எனக்கு அந்த ரெக்கார்டு கேட்டப்ப என்ன தோணுச்சோ அது வாயில வந்துட்டு. எனக்கு என்ன தெரியும், திருட்டு மூச்சு, நல்ல மூச்சுன்னு.

பியூலா இன்னொரு பெட்டி மேல உக்காந்தா. அப்புறம் சிரிச்சா. பத்து வருஷத்துல அவ சிரிச்சு நான் பாத்தது இல்ல. "அப்ப இந்தப் பேண்டையே மாத்துனது நீங்கதானா? ஊர் பூரா இல்லாததெல்லாம் சொல்லுவீங்க, இதை மட்டும் வாயைத் திறக்கல?"

"எப்படிச் சொல்ல?"

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க"ன்னா. "அவன்ட்டச் சொல்ல வேண்டாம். அவன் அப்பாவோட பேசிட்டு இருக்கான், பேசட்டும்."

கதவுப் பக்கம் போனவ திரும்பி நின்னா. "ஒண்ணே ஒண்ணு. நான் கஞ்சி எடுக்கப் போன நேரத்துலதான் அப்பா போனாவ. அதுதான் எனக்குத் தூக்கம் வராது. நீங்க கூட இருந்தீங்கல்லா? தனியாப் போகலேல்லா?"

"இல்லம்மா. நான் கையைப் பிடிச்சிட்டு இருந்தேன். இடது கையை."

"சூடா இருந்துச்சா?"

"கடைசி வரைக்கும்."

அவ என் தோள்ல சாஞ்சு அழுதா. அப்புறம் முகத்தைக் கழுவிட்டு ஹாலுக்குப் போயி, தம்பியைப் பாத்து, "எட்டாவது பக்கத்துல டெனாருக்கு ரொம்ப மேல எழுதி வச்சிருக்க. ஆபிரகாம் அண்ணாச்சிக்கு வயசு அறுபது. அவருக்கு நெஞ்சு வெடிச்சிரும்"னா.

"இறக்கிருதேன்க்கா"ன்னான் கிதியோன்.

டிசம்பர் 17, செவ்வாய்

பாடகர் குழு மேடைக்கு வருது. இருபது நிமிஷ வேலைன்னு சொன்னேன்லா. செஞ்சு முடிச்சிட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

பியூலா மீன் குழம்பு கொடுத்து விட்டா, தூக்குச்சட்டி நிறைய. கூட ஒரு புதுச் சட்டை. "மேடைக்குப் போட்டுட்டு வாங்க"ன்னு சீட்டு. சட்டை அளவு சரியா இருந்துச்சு. குழம்பை நாளைக்குச் சாப்பிடலாம்னு வச்சேன், அதுக்குள்ள கெட்டுப் போயிட்டு.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்மஸ். கோயில்ல அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சுல. நான் வெளிய ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டேன்.

டிசம்பர் 28, சனி

நடந்து முடிஞ்சுது. கை ஓடல. நாளைக்கு எழுதுதேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

பத்தாயிரம் பேரு. சரி, மூவாயிரம் இருக்கும்.

நாலரை மணிக்கு ஆரம்பிச்சாங்க. சென்னை, கேரளா, பெங்களூர்ல இருந்தெல்லாம் கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைங்க. நடுவுல நம்ம கோயில் ஆட்கள் பட்டுச் சேலையில, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. முதல்ல 'உப்புத்தூண்'ல இருந்து ரெண்டு பாட்டு வாசிச்சானுவ. பழைய கரகரப்பைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு வச்சிருக்கான், ஆனா என் குழாய் மாதிரி வரல. அப்புறம் 'கந்தகக்கடல்', அப்புறம் 'பள்ளத்தாக்கு'. இருபது வருஷத்தை ஒரு மணி நேரத்துல கேட்டேன். பட்டாசு, தகர வயலின், பண்டிகை பஸ், எல்லாம் வரிசையாப் போச்சு. ஒவ்வொண்ணுக்கும் குடோன், வேன், தொப்பூர் மலைன்னு எனக்கு ஒரு இடம் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. இசக்கிக்கு முட்டி வலின்னு யாரும் சொல்ல முடியாது, அப்படி மிதிச்சான்.

ஆறு மணி, வெளிச்சம் மங்கும்போது, பாடகர் குழு வெள்ளை உடுப்புல மேடை ஏறுச்சு. கறுப்புச் சட்டைப் பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு கத்துச்சு. எஸ்தர் அக்கா கையை ஆட்டுனாவ.

நான் பைக் ஸ்டாண்டு பக்கம் என் குழாய்க்கு அடியில நின்னேன். கிதியோன் மைக்குல அப்பா கதையைச் சொல்லுவான், அது எனக்குத் தெரியும், அதுக்குத் தயாராத்தான் இருந்தேன். ஆனா அவன் மைக்கைப் பியூலா கையில கொடுத்துட்டான்.

"எங்க அப்பா போகும்போது நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல இல்ல"ன்னு அவ ஆரம்பிச்சா. "நான் கஞ்சி எடுக்கப் போயிருந்தேன். தம்பி வெளிநாட்டுல. ஆனா அப்பா தனியாப் போகல. எங்க மாமா கடைசி வரைக்கும் அப்பா கையைப் பிடிச்சிட்டு இருந்தாவ. அதனாலதான் இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே மேடையில நிக்கோம். இந்தப் பாட்டு அதிசயராஜ் மாமாவுக்கு."

அந்தச் சத்தம் ரெண்டு குழாய் வழியா என் தலைக்கு மேலேயே வந்துச்சு. மூவாயிரம் பேரும் கைதட்டுனாங்க. ஒரு பையன் என்னைக் கண்டுபிடிச்சு, "அங்கிள், நீங்கதானா?"ன்னு கட்டிப் பிடிச்சான். என் வாழ்க்கை பூரா நான் ஆசைப்பட்டது அது. எனக்கு ஜெனரேட்டருக்குப் பின்னால போகணும்னு இருந்துச்சு.

பாட்டு ஓடுச்சு. ஒன்பதாவது நிமிஷம் எல்லாம் நின்னுது. நாற்பது பேரு மூச்சு எடுத்தாங்க. மூவாயிரம் பேரும் கூடவே எடுத்தாங்கன்னு நினைக்கேன். நான் எடுக்கல.

இன்னைக்குக் காலையில கோயிலுக்குப் போகல. உக்காந்து இதை எழுதுதேன். டைரியில இன்னும் ரெண்டு பக்கந்தான் இருக்கு.

ஜப்பான்காரன் கதை, மாடு மிரண்ட கதை எல்லாம் போகட்டும். அதுல யாருக்கும் நஷ்டம் இல்ல. கையைப் பிடிச்சிட்டு இருந்தேன்னு சொன்னேன்லா, அது நடக்கல.

அன்னைக்குப் பியூலா கிளம்புன கொஞ்ச நேரத்துல எனக்கு போன் வந்துச்சு. பக்கத்து ஊர்க் கோயில்ல அசனப் பண்டிகை, என் மைக்செட்டுதான். நாலாயிரம் பேருக்குச் சோறும் கறியும் வெந்து இறக்கியாச்சு, ஐயரு ஜெபம் பண்ணணும், மைக் செத்துப் போச்சு. "அதிசயம், சோறு ஆறுது, ஓடி வா"ன்னாங்க. அத்தான் தூங்கிட்டு இருந்தாவ. ஹெட்போனை இன்னும் பையில இருந்து எடுக்கல, முழிச்சதும் வைக்கலாம்னு இருந்தேன். பைக்கை எடுத்துட்டுப் போனேன். ஒரு வயர் விட்டிருந்துச்சு, ரெண்டு நிமிஷ வேலை. ஐயரு ஜெபம் பண்ணுனாரு. கிளம்புனேன். அப்ப பந்தி விசாரிக்கிற பெரியவர் ஒருத்தர் கையைப் பிடிச்சு, "அசனத்துக்கு வந்துட்டுச் சாப்பிடாமப் போவியா?"ன்னு உக்கார வச்சாரு.

சாப்பிட்டேன். நல்ல பசி. ரெண்டாவது தடவையும் கறி கேட்டு வாங்குனேன்.

திரும்பி வந்தப்ப கட்டிலைச் சுத்தித் திரை போட்டிருந்தாங்க. எப்ப போனாவன்னு சிஸ்டருக்கும் தெரியல, ரவுண்ட்ஸ் வரும்போதுதான் பாத்தாங்களாம். பியூலா வர இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. நான் திரைக்கு உள்ள போகல. கறி வாசனையோட எப்படிப் போக? வெளியில நின்னு பைப்புல கையைக் கழுவிட்டே இருந்தேன்.

அத்தான் கை சூடா இருந்துச்சா, இல்லையான்னு எனக்குத் தெரியாது.